வாங்குகிறவரின் கூரியர் கணக்கில் பார்சல் அனுப்பலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர் ஓவியம், நாச்சியார்கோவில் விளக்கு, பட்டு என்று இணையத்தில் வெளிநாட்டுக்கு விற்கிறவர்களுக்குப் பார்சல் கட்டுவதும், அதற்கான கூரியர், கஸ்டம்ஸ் காகிதங்களைத் தயார் செய்வதும் என் பிழைப்பு. போன் எடுத்தால் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகம்தான்: வாங்குகிறவர் தன் கூரியர் கணக்கு எண்ணைக் கொடுக்கிறார், அதில் அனுப்பலாமா? கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். முதலில் எளிய கேள்விகள், போகப் போகச் சிக்கலானவை.

"என் ஃபெடெக்ஸ் நம்பர்ல போட்டு அனுப்புங்க"ன்னு ஒருத்தர் சொல்றார். அப்படின்னா என்னங்க?

அடிக்கடி பார்சல் அனுப்புகிற நிறுவனங்களுக்குக் கூரியர்காரர்கள் ஒரு கணக்கு எண் கொடுப்பார்கள். ஃபெடெக்ஸ், டிஹெச்எல் எக்ஸ்பிரஸ் இரண்டிலும் அது ஒன்பது இலக்கம். யுபிஎஸ்ஸில் எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு. ஏர்வே பில் (பார்சலோடு போகிற கூரியர் சீட்டு) போடும்போது "கட்டணம் யாருடையது" என்று ஒரு கட்டம் வரும். அனுப்புநர், பெறுநர், மூன்றாம் நபர் என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெறுநர் என்று போட்டு அவர் எண்ணை எழுதினால் பில் அவர் கணக்குக்குப் போகும், நீங்கள் கையிலிருந்து எதுவும் கொடுக்க வேண்டாம்.

அதே இடத்தில் இறக்குமதி வரிக்கு என்று தனியாக இன்னொரு கட்டம் இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதே இல்லை. அதைப் பின்னால் பார்ப்போம்.

நமக்கு ஷிப்பிங் செலவு மிச்சம்தானே? இதுல என்ன பிரச்சினை?

வந்த விருந்தாளிக்கு நீங்களே ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டு, "இறங்கும்போது அவர் கொடுப்பார்" என்று சொல்லி அனுப்புகிறீர்கள். அவர் கொடுக்காமல் இறங்கிப் போய்விட்டால் ஆட்டோக்காரர் யார் வீட்டு வாசலுக்கு வருவார்? ஃபெடெக்ஸ், யுபிஎஸ், டிஹெச்எல் மூன்றின் நிபந்தனைகளிலும் இதே ஏற்பாடுதான். பில்லை யார் பேரில் போடச் சொல்லியிருந்தாலும், அவர் கட்டவில்லை என்றால் அனுப்புநர் கட்ட வேண்டும். யுபிஎஸ்ஸில் கணக்கு எண் தவறாக இருந்தாலோ, கணக்குக்காரர் மறுத்தாலோ அதற்கென்று தனிக் கட்டணமும் உண்டு.

பணம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கட்டணம் கட்டுகிற கணக்கு யாருடையதோ அவர் கைக்குப் பார்சலின் கடிவாளமும் கொஞ்சம் போய்விடுகிறது. பெரிய நஷ்டம் வருவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியாகத்தான். பில் சில ஆயிரம், சரக்கு சில லட்சம்.

அப்போ இப்படிக் கேக்கறவங்க எல்லாருமே ஏமாத்துறவங்களா?

இல்லவே இல்லை. டொரொன்டோவிலோ சிங்கப்பூரிலோ புடவைக்கடை வைத்திருக்கிறவர் மாதம் முழுக்க இறக்குமதி செய்கிறார், கூரியர்காரரிடம் பேசி நல்ல தள்ளுபடி வாங்கி வைத்திருக்கிறார். நாம் தனியாக அனுப்பினால் ஆகிற செலவில் பாதிதான் அவருக்கு ஆகும். எல்லாச் சரக்கும் ஒரே பில்லில் வந்தால் அவருடைய கணக்கருக்கும் வேலை சுலபம். மொத்த வியாபாரத்தில் இது ரொம்பச் சாதாரணமான ஏற்பாடு.

சந்தேகப்பட வேண்டியது, ஒற்றைப் பொருள் வாங்க வருகிறவர், முதல் ஆர்டரிலேயே, நீங்கள் ஷிப்பிங் எவ்வளவு என்று சொல்வதற்கு முன்னாலேயே கணக்கு எண்ணை நீட்டும்போது. விலையில் பேரமே பேசமாட்டார், பொருளைப் பற்றி ஒரு கேள்வி கேட்கமாட்டார், இன்றைக்கே அனுப்ப முடியுமா என்பது மட்டும் திரும்பத் திரும்ப வரும். தஞ்சாவூர் ஓவியம் வாங்குகிற நிஜமான ஆள், தங்க ரேக்கு அசல்தானா, சட்டம் தேக்கா, கண்ணாடியோடு வருமா என்று உயிரை எடுத்துவிட்டுத்தான் பணம் அனுப்புவார்.

திருட்டு நம்பர்னா கூரியர்காரங்க பார்சல் வாங்கும்போதே தெரிஞ்சிடாதா?

தெரியாது. அந்த எண் நடப்பில் இருக்கிறதா என்பதைத்தான் கணினி பார்க்கும். அதைப் பயன்படுத்த உங்களுக்கு அனுமதி உண்டா என்று கணக்குக்காரரைக் கூப்பிட்டுக் கேட்பதில்லை. உண்மையான சொந்தக்காரருக்கு விஷயம் தெரிவது பில் வரும்போதுதான். பெரிய நிறுவனமாக இருந்தால் அந்தப் பில்லை வரிவரியாக யார் பார்ப்பார்கள்? கணக்குப் பிரிவில் ஒருவர் கண்ணில் பட்டு "இது நம்ம பார்சல் இல்லையே" என்று அவர் மறுக்கும்போது உங்கள் சரக்கு எங்கோ போய்ச் சேர்ந்து பல வாரம் ஆகியிருக்கும்.

இந்த எண்கள் பெரிய ரகசியமும் இல்லை. யுபிஎஸ் ட்ராக்கிங் எண்ணைப் பாருங்கள், '1இசட்' என்று தொடங்கும். அதற்கு அடுத்த ஆறு எழுத்து-எண்கள் அனுப்பிய நிறுவனத்தின் கணக்கு எண்தான். பெட்டி மேலேயே அச்சாகியிருக்கிறது. குப்பையில் கிடக்கிற ஒரு அட்டைப்பெட்டி போதும். சில இடங்களில் கணக்கின் அஞ்சல் குறியீட்டையும் சேர்த்துக் கேட்பார்கள், ஆனால் ஒரு கம்பெனியின் அஞ்சல் குறியீட்டைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

சரி, பில் நம்ம தலையில விழுந்தா எவ்வளவு விழும்?

எடையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் வருவது கன அளவு எடை. அதுவும் நிஜ எடையும் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். சட்டம் போட்ட ஒரு நடுத்தர ஓவியத்தை, சுற்றிலும் தெர்மோகோல் வைத்து, ப்ளைவுட் அடித்துக் கட்டினால் பெட்டி 90 × 70 × 15 வந்துவிடும். பெருக்கினால் 94,500, வகுத்தால் 18.9. தராசில் எட்டு கிலோ காட்டுகிற பெட்டிக்கு 19 கிலோ கட்டணம்.

கணக்குக்காரர் மறுத்து அது உங்களிடம் வரும்போது அவருடைய தள்ளுபடி கூடவே வராது. கணக்கே இல்லாத சின்ன விற்பனையாளருக்குப் பட்டியல் விலை, அதற்குமேல் எரிபொருள் கட்டணம், தொலைதூரக் கட்டணம் எல்லாம் சேரும். சில சமயம் பொருளின் லாபத்தையே தாண்டிவிடும்.

பணம் முழுசா என் அக்கவுண்ட்டுக்கு வந்துடுச்சு. அப்புறம் எதுக்குப் பயப்படணும்?

எந்த வழியாக வந்தது என்பதைப் பொறுத்தது. கார்டு வழியாக வந்த பணம் வந்ததாக அர்த்தமில்லை, கொஞ்ச நாள் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். கார்டுக்காரர் "இது நான் செய்த செலவு இல்லை" என்று வங்கியிடம் மறுத்துப் பணத்தைத் திரும்ப எடுக்கப் பொதுவாக 120 நாள் வரை அவகாசம் உண்டு. பேபாலில் புகார் எழுப்ப 180 நாள். திருட்டுக் கூரியர் எண் வைத்திருக்கிறவரிடம் திருட்டுக் கார்டும் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஜோடியாகத்தான் வரும். அப்படி வந்தால் பொருள் போச்சு, பணம் போச்சு, கூரியர் பில்லும் நம் பேரில்.

கார்டுக்காரர் ஓடிபி போல ஏதாவது ஒன்றை உள்ளிட்டு உறுதி செய்த பரிவர்த்தனை என்றால், திருட்டுக் கார்டு புகாரின் பொறுப்பு பெரும்பாலும் கார்டு கொடுத்த வங்கி பக்கம் போகும். உங்களுக்குக் கார்டுப் பணத்தை வாங்கித் தருகிற பேமென்ட் கேட்வேயில் வெளிநாட்டுக் கார்டுகளுக்கு அந்த வசதி இயங்குகிறதா என்று கேட்டு வையுங்கள். ஆனால் "பொருள் வரவில்லை" என்கிற புகாருக்கு அது உதவாது. வங்கிக்கு வங்கி ஸ்விஃப்ட் மூலம் வந்து கணக்கில் ஏறிய பணத்தைத் திரும்ப எடுப்பது கடினம், இருப்பதில் அதுதான் பத்திரமான வழி.

பேபால்ல செல்லர் ப்ரொடெக்‌ஷன் இருக்கே, அது காப்பாத்தாதா?

இந்தியாவுக்குள் நடக்கிற பரிவர்த்தனையை பேபால் 2021 ஏப்ரல் 1-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. வெளிநாட்டிலிருந்து நமக்குப் பணம் வருவது தொடர்கிறது, அதனால் இந்தக் கேள்வி இன்னும் நியாயமானதுதான். விற்பவருக்கான அந்தப் பாதுகாப்பு இரண்டே விஷயத்துக்குத்தான்: அனுமதியில்லாத பணப்பரிமாற்றம், பொருள் வந்து சேரவில்லை. "படத்தில் பார்த்த மாதிரி இல்லை" என்று புகார் வந்தால் அதில் சேராது.

அந்த இரண்டுக்கும்கூட, பரிவர்த்தனைப் பக்கத்தில் இருக்கிற முகவரிக்கே பார்சல் போய்ச் சேர்ந்ததற்கு ஆதாரம் வேண்டும், 750 டாலரும் அதற்கு மேலும் என்றால் கையெழுத்தும் வேண்டும். நீங்கள் சரியான முகவரிக்கு அனுப்பி, வழியில் அது வேறு முகவரிக்குத் திருப்பப்பட்டிருந்தால் பாதுகாப்பு கிடையாது. இந்தக் காரணத்தால்தான், வாங்குகிறவர் ஏற்பாடு செய்யும் கூரியரைப் பயன்படுத்தாதீர்கள் என்று பேபாலே தன் நிபந்தனைகளில் பரிந்துரைக்கிறது. இதை யாரும் படிப்பதில்லை. இதற்குமேல் நான் என்ன சொல்ல?

அட்ரஸ் நான் சரியாத்தான் போட்டேன். வேற ஊர்ல டெலிவரி ஆகியிருக்கு. எப்படி?

ஃபெடெக்ஸில் டெலிவரி மேனேஜர், யுபிஎஸ்ஸில் மை சாய்ஸ், டிஹெச்எல்லில் ஆன் டிமாண்ட் டெலிவரி என்று பெறுநருக்கான வசதிகள் இருக்கின்றன. வீட்டில் ஆள் இல்லை, பக்கத்துக் கடையில் வையுங்கள், நாளைக்குக் கொண்டுவாருங்கள், வேறு முகவரிக்கு மாற்றுங்கள் என்று போனிலேயே சொல்லலாம். ஒழுங்கானவர்களுக்கு ரொம்ப வசதி. பார்சல் தன் கணக்கில் போகிறது என்றால் மாற்றக் கேட்பது இன்னும் சுலபம், கூரியர்காரருக்கு வாடிக்கையாளர் அவர்தானே.

இதில் இன்னொரு கஷ்டம் இருக்கிறது. பொது ட்ராக்கிங்கில் ஊர் பெயர் மட்டும்தான் தெரியும். கதவு எண்ணும் கையெழுத்தும் இருக்கிற முழு டெலிவரி சான்றைப் பார்க்க, அந்தப் பார்சலோடு தொடர்புள்ள கணக்கு எண்ணைக் கேட்பார்கள். உங்களுக்குக் கணக்கே இல்லை, பணம் கட்டிய கணக்கு அவருடையது. புகாருக்கு ஆதாரம் கேட்டு பேபாலோ வங்கியோ கெடு வைத்திருக்கும்போது அந்த ஒரு காகிதத்துக்காகக் கூரியர் அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டியிருக்கும்.

நம்பர் தரல. லேபிளையே பிடிஎஃப்பா அனுப்பிட்டார். பிரிண்ட் எடுத்து ஒட்டிக் கொடுத்தா போதுமாம். இது பரவாயில்லையா?

இது இன்னும் மோசம். கணக்கு எண்ணை வாங்கி நீங்களே ஏர்வே பில் போட்டால் முகவரி, விலை, பொருளின் விவரம் எல்லாம் உங்கள் கையால் எழுதியதாக இருக்கும். அவர் அனுப்பும் லேபிளில் எல்லாமே அவர் எழுதியது, அனுப்புநர் இடத்தில் மட்டும் உங்கள் பெயர். எனக்கு வந்த ஒரு லேபிளில் பணம் கட்டியவரின் முகவரி ஓர் ஊர், லேபிளில் வேறொரு மாநிலத்துக் கிடங்கு. பித்தளை விளக்கு என்று இருக்க வேண்டிய இடத்தில் "உலோகப் பாகங்கள்" என்று இருந்தது.

டெலவேர், ஓரிகான் போல விற்பனை வரி இல்லாத அமெரிக்க மாநிலங்களில், வருகிற பார்சலை வாங்கி வேறு நாட்டுக்கு அனுப்பிவைக்கிற கிடங்குகள் நிறைய. அவை சட்டப்படி நடக்கிற தொழில்தான், ஆனால் உங்கள் பொருள் அங்கே இறங்கிய பிறகு எங்கே போனது என்று உங்களால் சொல்ல முடியாது. லேபிள் வந்தால் முகவரியை ஆர்டரோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் ஒட்டாதீர்கள்.

அவர் கணக்குல போனா ஏற்றுமதி பண்றவர் யாரு, அவரா நானா?

நீங்கள்தான். கூரியர் கட்டணத்தை யார் கட்டினாலும் இந்தியக் கஸ்டம்ஸுக்கு ஏற்றுமதியாளர், ஐஇசி (ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டு எண்) யாருடையதோ அவர்தான். விற்பனைச் சரக்கு சிஎஸ்பி-5 என்கிற கூரியர் ஷிப்பிங் பில்லில் (கஸ்டம்ஸுக்குக் கொடுக்கிற ஏற்றுமதி அறிவிப்பு, கட்டண பில் இல்லை) போக வேண்டும். சிஎஸ்பி-4 என்பது மாதிரிப் பொருளுக்கும் அன்பளிப்புக்கும். வாங்குகிறவர் தன் பக்கத்திலிருந்து பிக்-அப் பதிவு செய்யும்போது சுலபமாக இருக்கட்டும் என்று "மாதிரி" என்று போட்டுவிடுவது சர்வ சாதாரணம். பார்சல் போய்ச் சேர்ந்துவிடும், உங்களுக்கு ஒன்றும் தெரியாது. பிறகு ஜிஎஸ்டி கணக்கில் எல்யுடி (வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான உறுதிமொழி) கொடுத்து வரியில்லாமல் ஏற்றுமதி செய்ததாகக் காட்டியிருப்பீர்கள், அதற்கு ஷிப்பிங் பில் எங்கே என்று கேட்டால் கையில் இருக்காது. வங்கியிலும் வந்த டாலருக்குப் பொருத்திக் காட்ட ஒரு பில் வேண்டும்.

அதனால் யார் கணக்கில் போனாலும் சிஎஸ்பி-5 நகலைக் கையில் வாங்காமல் அந்த ஆர்டரை முடிந்ததாக நினைக்காதீர்கள். இன்வாய்ஸில் விலை நிபந்தனையையும் பார்த்துப் போடுங்கள். கூரியர் கட்டணம் உங்களுடையது இல்லை என்கிறபோது சிஐஎஃப் (விலையில் காப்பீடும் அனுப்பும் கட்டணமும் சேர்ந்தது) என்று போட்டால் கணக்கு இடிக்கும், எஃப்சிஏ அல்லது எஃப்ஓபி (அந்தக் கட்டணம் சேராதது) என்று இருக்க வேண்டும்.

சுவாமிமலை ஐம்பொன் சிலை அனுப்புகிறவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு: 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிலைகளைத் தனியார் ஏற்றுமதி செய்யக் கூடாது. உங்கள் சிலை போன மாதம் வார்த்ததாகவே இருக்கட்டும், பார்க்கப் பழசு மாதிரி இருந்தால் கஸ்டம்ஸில் நிறுத்துவார்கள், தொல்பொருள் இல்லை என்று தொல்லியல் துறையின் சான்றிதழ் கேட்பார்கள். அங்கே போய் நின்று பதில் சொல்ல வேண்டியது கணக்கு எண்காரர் இல்லை.

இன்வாய்ஸ்ல விலையைக் குறைச்சுப் போடச் சொல்றார். கூரியர் அவரோடது, வரியும் அவரோடது, நமக்கென்ன?

போன பதிலைப் படித்துவிட்டும் இதைக் கேட்கிறார்கள். இன்வாய்ஸில் கையெழுத்து உங்களுடையது. வங்கியில் 600 டாலர் வந்திருக்கிறது, ஷிப்பிங் பில்லில் 60 டாலர் என்று இருக்கிறது என்றால் இந்தப் பக்கம் நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டும், அந்தப் பக்கம் தவறான விலை காட்டிய அனுப்புநராக உங்கள் பெயர் பதிவாகும். பார்சல் தொலைந்தால் நஷ்டஈடும் 60 டாலரைத் தாண்டாது. முடியாது என்று சொல்லிவிடுங்கள். வாங்க நினைப்பவர் அதற்காக வாங்காமல் போவதில்லை.

வரியையும் அவர் கணக்குலயே போட்டுட்டா முடிஞ்சதுல்ல?

முதல் பதிலில் சொன்ன இரண்டாவது கட்டம் இதற்குத்தான். போட வேண்டும், ஆனால் முடிந்துவிடாது. வரியைக் கட்ட பெறுநர் மறுத்தால் அதற்கும் அனுப்புநர்தான் பொறுப்பு என்று அதே நிபந்தனைகளில் இருக்கிறது. முன்பு அமெரிக்காவுக்கு 800 டாலர் வரை வரியில்லாமல் போய்க்கொண்டிருந்ததால் சின்ன விற்பனையாளர்கள் இதை யோசிக்கவே தேவைப்படவில்லை. அந்தச் சலுகை 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகு, வாசலில் வரிப் பில்லைப் பார்த்ததும் "எனக்கு வேண்டாம்" என்று பார்சலைத் திருப்புகிற கதைகள் நிறைய வருகின்றன. வரி, கிடங்கு வாடகை, திரும்பி வரும் செலவு எல்லாம் சேர்ந்து சின்னப் பார்சலைத் திரும்ப வாங்குவதைவிட விட்டுவிடுவதே மேல் என்று ஆகிவிடும்.

ஆர்டர் எடுக்கும்போதே, இறக்குமதி வரி வாங்குகிறவருடையது, மறுத்தால் அந்தச் செலவைக் கழித்துக்கொண்டுதான் பணம் திரும்பும் என்று எழுதி, அவர் "சரி" என்று பதில் போட்டதைச் சேமித்து வையுங்கள்.

பார்சல் உடைஞ்சாலோ தொலைஞ்சாலோ நஷ்டஈடு யாருக்குக் கிடைக்கும்?

தனியாக மதிப்பு அறிவித்துக் கட்டணம் கட்டாவிட்டால், விமானச் சரக்குக்கு மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி எடைக்குத்தான் கணக்கு. 2024 டிசம்பர் 28 முதல் கிலோவுக்கு 26 எஸ்டிஆர் (சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு), ரூபாயில் மூவாயிரத்துக்குச் சற்று மேல். அறுபதாயிரம் ரூபாய் பட்டு ஒன்றரைக் கிலோ பார்சலாகப் போனால் உச்சவரம்பு ஐந்தாயிரம் ரூபாய் அளவு. மதிப்பு அறிவிக்கலாம், ஆனால் அந்தக் கூடுதல் கட்டணமும் அவர் கணக்கில்தான் ஏறும், அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். நஷ்டஈடு வரும்போது அது கணக்குக்காரருக்குப் போகுமா உங்களுக்கு வருமா என்பதை முன்னாலேயே பேசி எழுதி வைக்காவிட்டால் அப்புறம் இழுபறிதான்.

எஃப்சிஏ என்று போட்டால் கூரியர்காரரிடம் கொடுத்த நிமிடமே பொறுப்பு அவருடையது ஆகிவிடுகிறதே என்று விவரமானவர்கள் கேட்பார்கள். மொத்த வியாபாரத்தில், வங்கி வழியாகப் பணம் வந்திருந்தால் சரி. கார்டில் வாங்கியவர் "வரவில்லை" என்று புகார் கொடுத்தால் அந்த வங்கி எஃப்சிஏவைப் பார்க்காது, டெலிவரி சான்றைத்தான் கேட்கும்.

ஈபேல வந்த ஆர்டர். மெசேஜ்ல கணக்கு நம்பர் அனுப்பறார்.

ஆர்டரில் இருக்கிற முகவரிக்கு, ஆர்டரில் காட்டிய முறையில் அனுப்புங்கள். வேறு முகவரி வேண்டும் என்றால் ரத்து செய்துவிட்டுச் சரியான முகவரியோடு மறுபடி வாங்கச் சொல்லுங்கள். ஈபேயிலும் 750 டாலரும் அதற்கு மேலும் என்றால் கையெழுத்து ஆதாரம் வேண்டும். முகவரி மாறின பிரச்சினை மேலே சொன்னதேதான்.

அவரோட ஷிப்பிங் ஏஜென்ட் வந்து எடுத்துக்குவாராம். ஏஜென்ட்டுக்கு நான் பணம் அனுப்பணுமாம், அதையும் சேர்த்து எனக்கே போட்டுடுவாராம்.

இதற்கு யோசிக்கவே வேண்டாம், மோசடி. பொருளின் விலையைவிடக் கூடுதலாகப் பணம் போடுகிறேன், மிச்சத்தை ஏஜென்ட்டுக்கு அனுப்பு என்று யார் சொன்னாலும் அந்த ஏஜென்ட்டும் அவரே. கூடுதலாக வந்த பணம் திருட்டுக் கார்டிலிருந்தோ செல்லாத காசோலையிலிருந்தோ வந்திருக்கும், அது திரும்பிப் போகும், நீங்கள் அனுப்பியது திரும்ப வராது.

உள்ளூர் ஆளு. போர்ட்டர் ஆப்ல வண்டி பிடிச்சு அனுப்பறேன், குடுத்துடுங்கன்னு சொல்றார். அதுலயும் இப்படியா?

சின்ன அளவில் அதேதான். வண்டி அவர் பதிவு செய்தது, இறங்கும் இடத்தை அவரே மாற்றலாம், உங்களிடம் ரசீது இருக்காது. யுபிஐயில் பணம் வந்ததா என்பதை அவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டில் பார்க்காதீர்கள், உங்கள் வங்கிக் கணக்கில் பாருங்கள். வந்துவிட்டது என்றால் பெட்டியைக் கட்டுவதிலிருந்து வண்டி எண் தெரிய ஏற்றுவது வரை ஒரு வீடியோ எடுத்து அவருக்கே அனுப்பிவிட்டால் போதும்.

நல்ல கஸ்டமர், பெரிய ஆர்டர், விட மனசில்ல. எப்படித்தான் அனுப்பறது?

முதலில் வேறு வழி கேட்டுப் பாருங்கள்: "கட்டணத்தை இன்வாய்ஸில் சேர்க்கிறேன், என் கணக்கிலேயே அனுப்புகிறேன்". பாதிப் பேர் இதற்கே ஒத்துக்கொள்வார்கள். செலவு அதிகம் என்று நிஜமான காரணம் சொன்னால் மேலே பேசலாம். பணம் ஸ்விஃப்டில் முழுவதும் முன்பணமாக வரட்டும், கணக்கில் ஏறிய பிறகே பார்சல் கிளம்பட்டும். கணக்கு எண்ணைப் பயன்படுத்த அனுமதிக்கிறோம், கட்டணமும் வரியும் எங்களுடையது, மறுக்கப்பட்டால் நாங்களே உங்களுக்குத் தருகிறோம் என்று அவர் நிறுவனத்தின் சொந்த மின்னஞ்சலிலிருந்து எழுதி வர வேண்டும். இலவச மின்னஞ்சலில் வந்தால் அதற்கு மதிப்பில்லை. நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கிற தொலைபேசிக்கு நீங்களாகக் கூப்பிட்டு, கணக்குப் பிரிவில் இந்த ஆர்டர் தெரியுமா என்று கேளுங்கள். அவர் மெசேஜில் கொடுத்த எண்ணுக்கு இல்லை. சங்கடமாக இருக்கும், ஆனால் நிஜமான வியாபாரிகள் இதற்குக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

முதல் தடவைக்கு உத்தேசக் கூரியர் கட்டணத்தை முன்பணமாக வாங்கி வைத்துக்கொண்டு, அவர் கணக்கில் பில் ஏறிய பிறகு அடுத்த ஆர்டரில் கழித்துவிடுவது ஒரு நல்ல ஏற்பாடு. ஏர்வே பில்லை நீங்களே போடுங்கள், கையெழுத்து வாங்கித் தரச் சொல்லுங்கள், வழியில் முகவரி மாற்றாமல் இருக்கச் செய்ய முடியுமா என்று கூரியர் அலுவலகத்தில் கேளுங்கள். இரண்டு மூன்று ஆர்டர் ஒழுங்காக முடிந்துவிட்டால் இவ்வளவும் ஒவ்வொரு தடவையும் தேவையில்லை.

நேத்துதான் அனுப்பினேன். இப்ப இதெல்லாம் படிச்சதும் சந்தேகமா இருக்கு. நிறுத்த முடியுமா?

டெலிவரி ஆகவில்லை என்றால் முயற்சி செய்யலாம். சேருமிடத்தில் பெறுநரின் உரிமை தொடங்கும்வரை சரக்கை நிறுத்தவும் திருப்பவும் சொல்கிற உரிமை அனுப்புநருக்கு உண்டு, விமானச் சரக்கில் மான்ட்ரியல் உடன்படிக்கையிலேயே அது இருக்கிறது. உங்கள் ஏர்வே பில் நகலோடு உடனே கூரியர் அலுவலகத்துக்குப் போங்கள், போனில் பேசினாலும் எழுத்திலும் கொடுங்கள். திரும்பும் செலவு உங்களுடையது, அதைப் பொருளின் விலையோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள். வாங்கியவரிடம் முன்கூட்டிச் சொல்லி எச்சரிக்காதீர்கள், அவர் முந்திக்கொண்டு முகவரியை மாற்றிவிடுவார்.

பணமும் போய்விட்டது, ஆளும் பதில் சொல்லவில்லை என்றால் 1930 எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுங்கள். வெளிநாட்டு ஆள் என்பதால் பெரிதாக எதிர்பார்க்க முடியாது, ஆனாலும் வங்கியிடமும் கூரியர்காரரிடமும் பேசும்போது அந்தப் புகார் எண் கையில் இருப்பது நல்லது.

எல்லாம் முடிஞ்சு ரொம்ப நாள் கழிச்சு கூரியர் பில் எனக்கு வந்திருக்கு. கட்டித்தான் ஆகணுமா?

நிபந்தனைப்படி ஆம். ஆனால் பார்த்த உடனே கட்டிவிடாதீர்கள். கணக்குக்காரர் என்ன காரணம் சொல்லி மறுத்தார் என்று எழுத்தில் கேளுங்கள். எண்ணைத் தவறாக உள்ளிட்டது, பழைய எண், கூரியர் ஆள் பில் போடும்போது கட்டத்தை மாற்றிப் போட்டது என்று சாதாரணக் காரணமாகவும் இருக்கும், அப்போது திருத்தலாம். எடையையும் அளவையும் உங்கள் பேக்கிங் குறிப்போடு சரிபாருங்கள். மேலே சொன்ன மின்னஞ்சல் அனுமதி இருந்தால் அதை இரண்டு பக்கமும் அனுப்புங்கள். பேசாமல் விட்டுவிடுவது மட்டும் கூடாது, அடுத்த பார்சலைக் கூரியர்காரர் வாங்க மாட்டார், வசூல் ஆள் போன் செய்ய ஆரம்பித்துவிடுவார்.

பார்சல் திரும்பி வந்துடுச்சு. என் பொருள்தானே, எதுக்கு நம்ம கஸ்டம்ஸ்ல வரி கேக்கறாங்க?

ஏற்றுமதியான பொருள் அப்படியே திரும்பி வந்தால் வரிச் சலுகை உண்டு, ஆனால் போன பொருளும் வந்த பொருளும் ஒன்றுதான் என்று நீங்கள் காட்ட வேண்டும். அதற்குப் போனபோது போட்ட ஷிப்பிங் பில், இன்வாய்ஸ், ஏர்வே பில் மூன்றும் வேண்டும். விவரம் "உலோகப் பாகங்கள்" என்றும், பில் சிஎஸ்பி-4-இல் மாதிரிப் பொருள் என்றும் இருந்தால் காட்ட ஒன்றும் இருக்காது, வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்த சரக்கு மாதிரி வரி போடுவார்கள். விளக்கு என்றால் அடியில் உங்கள் குறியீட்டையோ வரிசை எண்ணையோ பொறித்து, அதே எண்ணை இன்வாய்ஸிலும் எழுதிவிடுங்கள். ஓவியத்துக்குச் சட்டத்தின் பின்பக்கம் எழுதி, பெட்டியை மூடும் முன் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். நான் கட்டுகிற எல்லாப் பார்சலுக்கும், யார் கணக்கில் போனாலும், இதைச் செய்துவிடுவேன்.